பதிவேட்டில் பெயர் வேண்டும்

டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்பு விதிகள் 2025 நவம்பரில் அரசிதழில் வெளியானது முதல் கள ஆய்வு நிறுவனங்களில் ஒப்புதல் படிவத்தைப் பற்றியே பேச்சு. வினாப்பட்டியலின் முதல் பக்கத்தை எப்படித் திருத்துவது, பழைய சுற்றுகளில் வாங்கிய கைப்பேசி எண்களை என்ன செய்வது, அங்கன்வாடிக் குழந்தையின் எடையைக் குறித்துக்கொள்ளப் பெற்றோரிடம் எந்த வடிவில் கையெழுத்து வாங்குவது என்று நெறிமுறைக் குழுக்கள் தலையைப் பிய்த்துக்கொள்கின்றன.

இவற்றுக்குத் தரவுப் பாதுகாப்புச் சட்டத்திலேயே பெருமளவு விடை இருக்கிறது. ஆராய்ச்சிக்கும் புள்ளியியலுக்கும் 17(2)(பி) பிரிவு விலக்குத் தருகிறது. அதற்கு ஈடாக விதிகளின் இரண்டாம் அட்டவணை கேட்பவை: தேவைக்கு மேல் வாங்காதே, வாங்கியதைப் பத்திரமாக வை, தேவை முடிந்த பின் வைத்திருக்காதே. பொறுப்பான குழுக்கள் ஏற்கெனவே செய்துவருபவைதான் இவை. சொல்லப்போனால், விலக்கோடு வரும் நிபந்தனை ஆய்வாளருக்குப் பாதுகாப்பு. திரட்டிய தரவை வைத்துத் தனி ஒருவரைப் பற்றி முடிவெடுக்கக் கூடாது என்கிறது அது. தகுதியில்லாமல் ரேஷன் வாங்குபவர்களின் பட்டியலை உங்கள் மாதிரியிலிருந்து எடுத்துக் கொடுங்கள் என்று அரசுத் துறை கேட்டால், அந்தப் பிரிவு நடைமுறைக்கு வந்ததும் சட்டத்தைக் காட்டி மறுக்கலாம். தனியுரிமையை அடிப்படை உரிமையாக்கிய 2017 புட்டசாமி தீர்ப்பின் வழியில் வந்த இந்தப் பகுதியை இவ்விதழ் முழு மனதோடு வரவேற்கிறது.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. பெரும்பாலான கடமைகளுக்கு 18 மாத அவகாசம் கொடுத்த அரசு, அதே சட்டத்தின் 44(3) பிரிவை உடனே நடைமுறைக்குக் கொண்டுவந்துவிட்டது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 8(1)(ஜே) உட்பிரிவை மாற்றி எழுதும் பிரிவு அது. பொதுப் பணியோடு தொடர்பில்லாத, அல்லது ஒருவரின் அந்தரங்கத்தில் தேவையின்றித் தலையிடுகிற தகவலை மட்டுமே முன்பு மறுக்க முடியும். அதிலும் பொதுநலன் பெரிதானால் கொடுத்தாக வேண்டும். நாடாளுமன்றத்துக்கு மறுக்க முடியாததை எவருக்கும் மறுக்க முடியாது என்ற வரியும் இருந்தது. அத்தனையும் போய், தனிநபர் தகவல் என்றாலே விலக்கு என்று ஆகிவிட்டது.

ஆய்வுச் சான்று கொள்கையைத் தொட்ட இடங்களை எண்ணிப் பார்த்தால் இதன் கனம் புரியும். கார்த்திக் முரளிதரன், பால் நீஹௌஸ், சந்தீப் சுக்தங்கர் மூவரும் ஒருங்கிணைந்த ஆந்திரத்தில் நடத்திய ஸ்மார்ட்கார்டு ஆய்வு அறிமுகம் தேவைப்படாதது. 157 மண்டலங்கள், குலுக்கல் முறையில் ஒதுக்கீடு, ஏறத்தாழ 1.9 கோடி மக்கள்தொகை. கைரேகை அட்டை வந்த இடங்களில் வேலை உறுதித் திட்டக் கூலி விரைவாகக் கைக்கு வந்தது. கசிவு கட்டுப்பாட்டுப் பகுதிகளைவிட ஏறத்தாழ 41 சதவீதம் குறைந்தது. கீழ்மட்டத்து முணுமுணுப்பைக் கேட்டு மாநில அரசு அட்டையைக் கைவிடும் நிலைக்கே போனபோது, பயனாளிகளில் மிகப் பெரும்பாலோர் அதையே விரும்புகிறார்கள் என்ற கணக்கெடுப்பு முடிவும் அதைக் காப்பாற்றியது.

அந்த 41 எங்கிருந்து வந்தது? அரசின் பதிவேட்டில் இன்னார், இந்த வேலை அட்டை எண், இந்த வாரம், இத்தனை நாள், இவ்வளவு கூலி என்று இருக்கும். கள ஆய்வாளர் அந்த வீட்டுக்குப் போய், அந்த வாரம் வேலைக்குப் போனீர்களா, கையில் எவ்வளவு வந்தது என்று கேட்பார். பதிவேட்டில் ஆறு நாள், வாயில் மூன்று நாள். சில வீடுகளில் அட்டைக்குரிய ஆளே இருக்க மாட்டார். இரண்டு கணக்குக்கும் இடையிலுள்ள வித்தியாசம்தான் கசிவு. பெயரை அழித்துவிட்டு மண்டல மொத்தத்தை மட்டும் கொடுத்தால் எந்தக் கதவைத் தட்டுவது?

அந்தப் பதிவேடுகள் தகவல் உரிமை மனு போட்டு வாங்கியவை அல்ல, இணையத்திலேயே இருந்தவை என்று சிலர் சொல்லலாம். உண்மைதான். ஆனால் அவை இணையத்துக்கு வந்த பாதை எது? 1994இல் ராஜஸ்தானின் கோட் கிரானாவில் மஸ்தூர் கிசான் சக்தி சங்கதன் நடத்திய மக்கள் விசாரணையில் மஸ்டர் ரோலை (வருகைப் பதிவேட்டை) சத்தமாக வாசித்தபோதுதான், வேலைக்கே போகாதவர்களின் பெயரில் கூலி எழுதியிருப்பது ஊருக்குத் தெரிந்தது. அந்த இயக்கத்தின் தொடர்ச்சியாக 2005இல் தகவல் அறியும் உரிமைச் சட்டம் வந்தது. மானியப் பயனாளிகளின் விவரத்தைத் தானாகவே வெளியிடச் சொல்லும் 4(1)(பி) வந்தது. அது இன்னும் சட்டப் புத்தகத்தில் இருக்கிறது. பெயர் என்பதே விலக்குக்கு உரியது என்றான பிறகு, எந்த மாவட்ட அலுவலகம் அந்தப் பட்டியலைத் துணிந்து வைத்திருக்கும்?

அமைச்சகம் தகவல் உரிமைச் சட்டத்தின் 8(2)ஐக் காட்டுகிறது: பொதுநலன் கேட்டால் அதன்கீழ் கொடுக்கலாமே. கொடுக்கலாம், கொடுக்க வேண்டும் என்றில்லை. பொதுநலனை எடைபோடும் பொறுப்பு முன்பு 8(1)(ஜே)க்குள்ளேயே இருந்தது. இனி மனுதாரர்தான் அதை நிறுவ வேண்டும், முதல் மேல்முறையீட்டிலும் தகவல் ஆணையத்திலும் ஆண்டுக்கணக்கில் காத்திருந்து. மூன்றாண்டு மானியத்தில் ஓடும் ஆய்வுக்கு அந்தக் காலம் கிடையாது. பொதுத் தகவல் அலுவலரின் நிலையையும் பாருங்கள். தவறாக மறுத்தால் அதிகபட்சம் 25,000 ரூபாய் அபராதம். தரவைக் காக்கத் தவறினால் புதிய சட்டத்தில் 250 கோடி வரை. இந்தத் தொகை அலுவலர் மீது விழாது, நிறுவனத்தின் மீதுதான். ஆனாலும் அந்த எண்ணைப் படித்த எந்த மேலதிகாரி, கொடு என்று குறிப்பெழுதுவார்?

எச்சரிக்கை சொல்ல ஆளில்லாமல் போகவில்லை. தனியுரிமைச் சட்டம் தகவல் உரிமையைச் சுருக்கக் கூடாது என்று நீதிபதி ஏ.பி. ஷா குழு 2012இலேயே எழுதியது. 2018இல் ஸ்ரீகிருஷ்ணா குழு 8(1)(ஜே)யில் திருத்தம் கேட்டபோதுகூட, தீங்கையும் பொதுநலனையும் எடைபோடச் சொன்னது. இரண்டு அறிக்கைகளும் அரசின் அலமாரியில்தான் இருக்கின்றன. சான்றின் அடிப்படையில் ஆட்சி என்று மாநாட்டுக்கு மாநாடு முழங்குகிறவர்கள் தங்கள் சொந்தக் குழுக்களின் சான்றையே ஒதுக்கினார்கள். மானியமோ சான்றிதழோ கேட்டுவரும் குடிமக்களின் தரவைக் கையாள அரசுக்குப் புதிய சட்டத்தின் 7(பி) தனி வழி திறக்கிறது. அரசு எழுதிவைத்த கணக்கைக் குடிமக்கள் பார்க்க இருந்த வழியோ அடைபட்டது. இதைத் தரவுப் பாதுகாப்பு என்ற பெயரில் ஏற்க இவ்விதழ் மறுக்கிறது.

பழைய 8(1)(ஜே) திரும்ப வேண்டும். அதுவரை, 4(1)(பி) பட்டியல்களைத் திருத்தம் தொடாது என்று ஊரக வளர்ச்சி, உணவு வழங்கல், கல்வித் துறைகள் எழுத்தில் சுற்றறிக்கை அனுப்ப வேண்டும். அடுத்த இதழ் முதல், நிர்வாகத் தரவைப் பயன்படுத்தும் கட்டுரையாளர்கள் அதை எந்த வழியில், எந்தத் தேதியில் பெற்றார்கள் என்று முறையியல் பகுதியில் குறிப்பிட வேண்டும். மறுக்கப்பட்டிருந்தால் மறுப்பு ஆணையின் நகலை, விண்ணப்பித்தவரின் பெயரை நீக்கி, கட்டுரையோடு அனுப்பலாம், பிற்சேர்க்கையாக வெளியிடுவோம்.