கச்சேரி நோட்டீஸ்களில் ஒரு வாழ்க்கை

1990ல் வெளியாகி, யூரோ வரும்வரை ஜெர்மனியில் புழங்கிய நூறு மார்க் நோட்டின் முன்புறம் ஓர் இளம்பெண்ணின் முகம் இருக்கும். பின்புறம் ஒரு பெரிய பியானோ. அந்தப் பெண் அரசியும் அல்ல, அமைச்சரும் அல்ல. ஊர் ஊராகப் போய்க் கச்சேரி செய்து குடும்பத்தைக் காப்பாற்றிய ஒரு கலைஞர். பெயர் கிளாரா ஷூமான். 1819ல் லைப்சிக்கில் பிறந்து 1896ல் பிராங்க்பர்ட்டில் மறைந்தவர்.

இசையமைப்பாளர் ராபர்ட் ஷூமானின் மனைவி என்றுதான் இப்போதும் பலர் அவரை அறிமுகப்படுத்துகிறார்கள். அவர் வாழ்ந்த காலத்தில் நிலைமை தலைகீழ். 1844ல் இருவரும் ரஷ்யாவில் சுற்றுப்பயணம் செய்தபோது மக்கள் பார்க்க வந்தது கிளாராவை. ராபர்ட் கூடவே வந்த கணவர். உடல் நலமும் சரியில்லாத ராபர்ட்டை அந்த நிலை மிகவும் வாட்டியது.

அந்தப் புகழுக்குக் காரணமான வாசிப்பை இன்று யாரும் கேட்க முடியாது. அவருடைய நண்பர் பிராம்ஸின் வாசிப்பு 1889ல் எடிசனின் மெழுகு உருளையில் கரகரப்போடாவது பதிவானது. கிளாராவின் வாசிப்பில் ஒரு நொடிகூட மிஞ்சவில்லை. பேனி டேவிஸ், அடலினா டி லாரா போன்ற அவருடைய மாணவிகள் பிற்காலத்தில் கொடுத்த இசைத்தட்டுகளை வைத்து, குரு எப்படி வாசித்திருப்பார் என்று ஊகிக்கலாம். அவ்வளவுதான். எங்கே, எப்போது, என்ன வாசித்தார் என்பதற்கு மட்டும் அசைக்க முடியாத சாட்சி இருக்கிறது. ஒரு கட்டுக் காகிதம்.

ராபர்ட் பிறந்த ஊரான ஸ்விக்காவ் நகரில், ஷூமான் இல்லத்து ஆவணக் காப்பகத்தில் அந்தக் கட்டு பாதுகாக்கப்படுகிறது. கிளாராவின் கச்சேரி நோட்டீஸ்கள் ஏறத்தாழ 1,300, வரிசை எண்களோடு. முதல் கச்சேரி 1828 அக்டோபர் 20ஆம் தேதி நடந்தது. லைப்சிக்கின் கெவாண்ட்ஹவுஸ் அரங்கில், இன்னொருவருடைய நிகழ்ச்சியில், ஒன்பது வயதுச் சிறுமி மற்றொரு மாணவியோடு ஒரே பியானோவில் நான்கு கை வாசித்தாள். கடைசிக் கச்சேரி 1891 மார்ச் 12ஆம் தேதி பிராங்க்பர்ட்டில். இரண்டுக்கும் இடையே 62 ஆண்டுகள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பெரிய வாத்தியக் கலைஞர்களில் இப்படி ஆரம்பத்திலிருந்து முடிவுவரை கணக்கு கிடைக்கும் ஆள் அபூர்வம். லிஸ்ட்டின் சுற்றுப்பயணங்களைத் தொகுக்க முயன்றவர்கள் நாடு நாடாகப் பழைய பத்திரிகைகளைப் புரட்ட வேண்டியிருந்தது. கிளாரா விஷயத்தில் வேலையில் பெரும் பகுதி முன்பே முடிந்திருந்தது.

இந்தக் காகிதங்களுக்கு இவ்வளவு மதிப்பு ஏன் என்பதை, கிளாரா பற்றிய மற்ற ஆவணங்களோடு சேர்த்துப் பார்த்தால்தான் புரியும்.

முதலில் அவருடைய நாட்குறிப்பு. 1827 ஜூன் 7ஆம் தேதி தொடங்குகிறது. 'நான்', 'என் அப்பா' என்று சிறுமி பேசுவது போலவே வாக்கியங்கள் வரும். கையெழுத்து அப்பாவுடையது. பியானோ ஆசிரியரும் பியானோ வியாபாரியுமான பிரீட்ரிக் வீக், மகள் பெயரில் தானே எழுதினார். தன்னைப் புகழ வேண்டிய இடத்தில் மகள் வாயால் புகழ்ந்துகொண்டார். மகளைக் கண்டிக்க வேண்டிய இடத்தில் அவளே தன்னைக் கண்டித்துக்கொள்வது போல எழுதினார். கிளாரா தானே எழுதத் தொடங்கிய பிறகும், அவருடைய பதினெட்டு வயதுவரை அப்பாவின் கண் அந்த நோட்டை விட்டு அகலவில்லை.

1840ல் ராபர்ட்டை மணந்த பிறகு, கணவனும் மனைவியும் மாறி மாறி ஒரே நாட்குறிப்பில் எழுதினார்கள். மற்றவர் படிப்பார் என்று தெரிந்தே எழுதியது அது. பிற்கால நாட்குறிப்புகளின் மூலப் பிரதிகள் நம் கைக்கு வரவில்லை. மூத்த மகள் மேரியின் விருப்பப்படி பெர்த்தோல்ட் லிட்ஸ்மான் எழுதி 1902 முதல் 1908 வரை மூன்று பாகங்களாக வெளியிட்ட வாழ்க்கை வரலாற்றில், அவர் தேர்ந்தெடுத்துக் கொடுத்த பகுதிகள்தான் மிச்சம். பிராம்ஸும் கிளாராவும் 1880களின் பிற்பகுதியில் கடிதங்களைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டார்கள். அவற்றில் பல அழிந்தன.

அப்பா, கணவர், மகள், வரலாற்றாசிரியர் என்று கிளாராவின் கதையில் எல்லோருடைய கையும் பட்டிருக்கிறது. அவர் பெயரில் வேறு யாரும் பேசாத ஆவணம் இந்த நோட்டீஸ் கட்டு. தேதி, ஊர், அரங்கம், உடன் வாசித்தவர்கள், பாட வந்தவர், வாசித்த உருப்படிகள். வர்ணனை கிடையாது.

அதற்காக நோட்டீஸை அப்படியே நம்பிவிடவும் கூடாது. அது நடக்கப்போவதைச் சொல்லும் காகிதம். நடந்தது வேறாக இருக்கலாம். 1832 வசந்தத்தில் பாரிஸில் பன்னிரண்டு வயது கிளாராவின் கச்சேரி ஏற்பாடாகியிருந்தபோது நகரில் காலரா பரவியது. டிக்கெட் வாங்கக்கூடிய பணக்காரர்கள் ஊரை விட்டு ஓடிக்கொண்டிருந்தார்கள். கச்சேரி ஓர் இசைப் பள்ளிக்கு இடம் மாறியது. ரசிகர்கள் விரும்பிக் கேட்டுத் திரும்ப வாசித்த உருப்படி நோட்டீஸில் இருக்காது. பாடகிக்குத் தொண்டை கட்டியதால் கடைசி நேரத்தில் மாறிய நிரலும் இருக்காது. ஆகவே ஒவ்வொரு காகிதத்தையும் மறுநாள் பத்திரிகை விமரிசனம், கடிதம், வரவுசெலவு நோட்டு ஆகியவற்றோடு ஒத்துப் பார்க்க வேண்டும்.

தேதியும் ஊரும்கூடத் தகராறு செய்யும். 1844ல் ரஷ்யா பழைய ஜூலியன் நாட்காட்டியைப் பின்பற்றியது. மேற்கு ஐரோப்பாவை விட 12 நாள் பின்தங்கிய கணக்கு. பீட்டர்ஸ்பர்க் பத்திரிகையின் தேதியையும் லைப்சிக்குக்குப் போன கடிதத்தின் தேதியையும் அப்படியே எடுத்துக்கொண்டால் ஒரே கச்சேரி இரண்டாகிவிடும். அந்தப் பயணத்தின் ஊர்களைத் தேடி இன்றைய வரைபடத்தைத் திறந்தால் இன்னொரு குழப்பம். கோனிக்ஸ்பர்க் இப்போது ரஷ்யாவின் கலினின்கிராட். மிட்டாவ் என்பது லாட்வியாவின் யெல்கவா. டோர்பட் என்பது எஸ்டோனியாவின் தார்த்து. மெட்ராஸ் சென்னையானது போல ஊர்கள் பெயர் மாற்றிக்கொண்டன. கூடவே நாடும் மாறிக்கொண்டன.

காகிதங்களைத் தேதிவாரியாக அடுக்கினால் இடைவெளிகள் தெரியும். அந்த இடைவெளிகளையும் படிக்கக் கற்றுக்கொள்ள வேண்டும். 1841 செப்டம்பருக்கும் 1854 ஜூனுக்கும் இடையில் கிளாரா எட்டுக் குழந்தைகளைப் பெற்றார். பிறந்த தேதிகளைக் கச்சேரித் தேதிகளுக்குப் பக்கத்தில் எழுதிப் பார்த்தால் வியப்புதான் மிஞ்சுகிறது. 1846 ஜனவரி 1ஆம் தேதி லைப்சிக்கில் கணவரின் பியானோ கான்சர்ட்டோவை இசைக்குழுவோடு வாசித்தார். பிப்ரவரி 8ஆம் தேதி எமில் பிறந்தான். இடையில் 38 நாட்கள். மூத்தவள் மேரிக்கு ஆறு மாதமும் சொச்சமும் ஆனபோது, ராபர்ட் ஹம்பர்க்கிலிருந்து வீடு திரும்பிவிட, கிளாரா மட்டும் டென்மார்க் தலைநகர் கோபன்ஹேகனுக்குக் கச்சேரி செய்யப் போனார்.

நோட்டீஸே இல்லாத நாட்களும் உண்டு. பின்னால் அதே கான்சர்ட்டோவின் முதல் பகுதியாக மாறிய இசையை 1841 ஆகஸ்ட் 13ஆம் தேதி கெவாண்ட்ஹவுஸில் கிளாரா இசைக்குழுவோடு வாசித்துப் பார்த்தார். அது ஒத்திகை. டிக்கெட் இல்லை, விளம்பரம் இல்லை. மேரி பிறக்க 19 நாட்களே இருந்தன. தம்பதியின் நாட்குறிப்பு இல்லாவிட்டால், உலகெங்கும் இன்று வாசிக்கப்படும் ஓர் இசை முதன்முதலில் ஒலித்த நாள் வரலாற்றுக்குத் தெரியாமலே போயிருக்கும்.

பணத்தைப் பற்றியும் நோட்டீஸ் பேசாது. சிறுமியாகவும் இளம்பெண்ணாகவும் கிளாரா சம்பாதித்ததெல்லாம் அப்பாவின் கையில் இருந்தது. திருமணத்துக்குச் சம்மதிக்க வீக் விதித்த நிபந்தனைகளில் ஒன்று, ஏழு வருடக் கச்சேரி வருமானமான 2,000 தாலரை மகள் விட்டுக்கொடுக்க வேண்டும் என்பது. வழக்கு நீதிமன்றம் போனது. தீர்ப்பு காதலர்களுக்குச் சாதகமாக வந்தது. 1840 செப்டம்பர் 12ஆம் தேதி, மணமகளுக்கு 21 வயது நிறைய ஒரு நாள் இருந்தபோது திருமணம். அதற்கு ஒரு வாரம் முன்பு வைமர் நகரில் நடந்ததுதான் கிளாரா வீக் என்ற பெயரில் அவர் செய்த கடைசிக் கச்சேரி. நோட்டீஸில் பெயர் மாறுகிறது, எண் தொடர்ந்து ஓடுகிறது.

கட்டின் மிகக் கனமான பகுதி 1854க்குப் பிறகு வருவது. அந்த ஆண்டு பிப்ரவரியில் மனநிலை பாதித்த ராபர்ட் ரைன் நதியில் குதித்தார். மீட்கப்பட்டு மார்ச்சில் எண்டெனிக் மனநல விடுதியில் சேர்க்கப்பட்டார். எட்டாவது குழந்தை பெலிக்ஸ் ஜூனில் பிறந்தான். எமில் முன்பே இறந்துவிட்டதால் வளர்க்க வேண்டியவர்கள் ஏழு பேர். பண உதவி செய்ய நண்பர்கள் முன்வந்தார்கள். கிளாரா உழைத்துச் சம்பாதிக்கவே விரும்பினார். அக்டோபரில் மீண்டும் மேடை. ஹனோவர், லைப்சிக், ஹம்பர்க், பெர்லின், பிறகு ஹாலந்து, வியன்னா, பிராக் என்று ஊர்கள் ஒன்றன் மேல் ஒன்றாக வந்து விழுகின்றன. வீட்டின் வரவுசெலவு நோட்டில் அந்தக் காலத்துக் கணக்கு இருபத்தொரு வயதுகூட நிரம்பாத பிராம்ஸின் கையெழுத்தில் தொடங்குகிறது. அம்மா கச்சேரிக்குப் போயிருந்தபோது வீட்டைப் பார்த்துக்கொண்டவர் அவர். 1856 ஏப்ரலில் கிளாரா முதன்முறையாக லண்டன் மேடை ஏறினார். ஜூலையில் திரும்பினார். இரண்டரை ஆண்டுகளாகக் கணவரைப் பார்க்க மருத்துவர்கள் அனுமதிக்கவில்லை. ஜூலை 27ஆம் தேதிதான் பார்த்தார். 29ஆம் தேதி ராபர்ட் இறந்தார்.

குழந்தைகளைப் பிறர் பொறுப்பில் விட்டுவிட்டு ஊர் சுற்றினாரே என்று கிளாராவைக் குறை சொன்னவர்கள் உண்டு. சோகத்தை வாசிப்பில் கரைத்தார் என்று உருகியவர்களும் உண்டு. நோட்டீஸ்களையும் வரவுசெலவு நோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், இரண்டையும் விட எளிமையான ஒரு விஷயம் கண்ணில் படும். வேலை. அரங்கம் பிடிப்பது, பியானோ ஏற்பாடு செய்வது, விளம்பரம், டிக்கெட், பயணம், மறுபடி அடுத்த ஊர். பல இடங்களில் இவற்றையெல்லாம் அவரே கவனித்துக்கொண்டார்.

இன்னொரு செய்தியும் கட்டில் இருக்கிறது. 1830களின் நோட்டீஸ்களில் ஹெர்ட்ஸ், கால்க்பிரென்னர், பிக்ஸிஸ் போன்ற பெயர்கள் நிறைந்திருக்கும். விரல் வேகத்தைக் காட்டுவதற்கென்றே எழுதப்பட்ட, கூட்டம் கைதட்டிய உருப்படிகள். வயது ஏற ஏற அந்தப் பெயர்கள் உதிர்கின்றன. பாக், பேத்தோவன், ஷோபன், மெண்டல்சன், ராபர்ட் ஷூமான், பிறகு பிராம்ஸ் வந்து அமர்கிறார்கள். இன்றைய பியானோ கச்சேரியின் நிரல் உருவானதில் கிளாராவுக்குப் பெரிய பங்கு உண்டு. 2009ல் ஜெர்மானிய ஆய்வாளர்கள் சிலர் இந்த நோட்டீஸ்களின் விவரங்களைப் புள்ளிவிவரமாக்கி, அவருடைய பயணங்களையும் நிரல் மாறிய விதத்தையும் ஆராய்ந்து வெளியிட்டார்கள். ரசிகர்களின் வியப்பாக மட்டும் இருந்த ஒன்று எண்ணிப் பார்க்கக்கூடியதாக ஆனது. 

எண்ணிக்கையில் அடங்காத இழப்பும் ஒன்று உண்டு. பதினாறு வயதில், மெண்டல்சன் இசைக்குழுவை நடத்த, தானே எழுதிய பியானோ கான்சர்ட்டோவை வாசித்த பெண் அவர். கணவர் இறந்த 1856க்குப் பிறகு புதிதாக ஏறக்குறைய எதையும் எழுதவில்லை. நோட்டீஸ்களின் எண் ஏறிக்கொண்டே போனது. அவருடைய சொந்தப் படைப்புகளின் பட்டியல் அங்கேயே நின்றுவிட்டது.

1870களில் கை வலி அவரை நீண்ட காலம் மேடையிலிருந்து விலக்கி வைத்தது. கட்டில் அங்கும் ஓர் இடைவெளி. மீண்டு வந்தார். 1878ல் பிராங்க்பர்ட்டின் ஹோக் இசைக் கல்லூரியில் ஆசிரியை ஆனார். காது மந்தமாகிக்கொண்டு வந்தபோதும் வாசித்தார். 1891 மார்ச் 12ஆம் தேதி, 71 வயதில், ஜேம்ஸ் குவாஸ்ட் என்ற பியானோ கலைஞரோடு சேர்ந்து இரண்டு பியானோக்களில் பிராம்ஸின் ஹைடன் வேரியேஷன்களை வாசித்தார். முதல் கச்சேரியைப் போலவே கடைசியிலும் பக்கத்தில் இன்னொருவர்.

அதன் பிறகு வீட்டில் வாசித்துக்கொண்டிருந்தார். அதற்கு நோட்டீஸ் இல்லை.