தேதி சொல்லி வரும் தலைவலி: மாத்திரைக்கு ஏன் அடங்குவதில்லை?

தலைவலி எப்போது ஆரம்பித்தது என்று கேட்டால், பலரும் ‘ரொம்ப நாளா இருக்கு’ என்பார்கள். சிலர் மட்டும் தேதியையே சொல்வார்கள். அன்று வந்த வலி, பிறகு ஒரு நாளும் விடவில்லை என்பார்கள். நீங்களும் அப்படிச் சொல்பவரா? இதைப் படிங்க.

இது என்ன தலைவலி?

மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ, 3 மாதங்களுக்கு மேல் தொடர்ந்தால் அது நாள்பட்ட தினசரித் தலைவலி. அதில் ஓர் அரிய வகைதான் ‘நியூ டெய்லி பெர்சிஸ்டன்ட் ஹெடேக்’. 1986-ல் இது முதலில் விவரிக்கப்பட்டது. தொடங்கிய 24 மணி நேரத்துக்குள் வலி நிரந்தரமாகிவிடும். சிலருக்கு மைக்ரேன் போல, சிலருக்கு தலையை இறுக்கிக் கட்டியது போல இருக்கும்.

காரணம் என்ன?

உறுதியாகத் தெரியவில்லை. வைரஸ் காய்ச்சல், அறுவை சிகிச்சை, பெரிய மன அழுத்தம் ஆகியவற்றுக்குப் பின் சிலருக்கு வருகிறது. கோவிட்டுக்குப் பிறகும் இப்படித் தொடங்கியதாக மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். பலருக்கு எந்தக் காரணமும் பிடிபடுவதில்லை.

ஸ்கேனில் தெரியுமா?

தெரியாது. ஸ்கேன் எடுப்பது வேறு நோய்களை விலக்கத்தான். மூளை ரத்தக்குழாய் அடைப்பு, தண்டுவட நீர்க் கசிவு போன்றவையும் இதே மாதிரி வலியைத் தரலாம். சிக்கலே இங்குதான். ரிப்போர்ட் ‘நார்மல்’ என வந்ததும், ‘லீவுக்குச் சாக்கு’ என்று ஆபீஸிலும் வீட்டிலும் நினைத்துவிடுகிறார்கள். நார்மல் ரிப்போர்ட் என்றால் வலி பொய் என்று அர்த்தமில்லை.

மாத்திரை போட்டுச் சமாளிக்கலாமா?

அதுதான் ஆபத்து. பாராசிட்டமால் போன்ற சாதாரண வலி மாத்திரையை மாதம் 15 நாளும், கூட்டு மாத்திரைகளை 10 நாளும், 3 மாதங்களுக்கு மேல் போட்டால் மாத்திரையே தலைவலியை வளர்க்கும். 2024 ஆகஸ்டில் மத்திய அரசு 156 கூட்டு மருந்துகளைத் தடை செய்தது. வலி மாத்திரைகளும் அதில் உண்டு. ஆனாலும் மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கிப் போடும் பழக்கம் நம்மிடம் குறையவில்லை.

என்ன செய்யலாம்?

தொடங்கிய தேதி, போட்ட மாத்திரைகள், தூங்கிய நேரம் மூன்றையும் எழுதி வைத்து நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள். இதற்கென்றே தனி மருந்து இல்லை. மைக்ரேன் தடுப்பு மருந்துகளைத்தான் பெரும்பாலும் முயல்கிறார்கள். சிலருக்குத் தானாகவே சரியாகிறது, சிலருக்கு ஆண்டுக்கணக்கில் நீள்கிறது.

திடீரென உச்சத்துக்குப் போகும் வலி, காய்ச்சலோடு கழுத்து விறைப்பு, பார்வை மங்கல், கை கால் பலவீனம் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் காத்திருக்காதீங்க. உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்க.