வேட்டைக்குக் கிளம்புமுன் சட்டத்தைக் கேளுங்கள்



தோட்டத்தில் வேட்டை புதிதல்ல. செம்பனைக் கன்றின் குருத்தைப் பன்றி தின்கிறது. லயத்துக்குப் பின்னால் நாம் நட்ட மரவள்ளியையும் ஒரே ராத்திரியில் கிளறிப் போட்டுவிடுகிறது. ஞாயிற்றுக்கிழமை வந்தால் நாலு இளைஞர்கள் நாயும் பாராங்குமாகக் கிளம்பிவிடுகிறார்கள். “பன்னிதானே அண்ணே, யாரு கேக்கப் போறா?” என்கிறார்கள். கேட்க ஆள் இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறோம்.

தீபகற்ப மலேசியாவில் 2010-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் நடப்பில் இருக்கிறது. சபாவுக்கும் சரவாக்குக்கும் தனிச் சட்டங்கள் உண்டு. தீபகற்பச் சட்டத்தின் பட்டியலில் காட்டுப்பன்றியும் இருக்கிறது. அதை வேட்டையாட, நாம் பெர்ஹிலித்தான் என்று சொல்லும் வனவிலங்கு இலாகாவின் லைசென்ஸ் வேண்டும். லைசென்ஸ் இல்லாமல் பாதுகாக்கப்பட்ட விலங்கை வேட்டையாடினால் 50,000 வெள்ளி வரை அபராதம், அல்லது 2 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும் என்று சட்டம் வந்தபோதே எழுதி வைத்தார்கள். 2022-இல் வந்த திருத்தம் தண்டனைகளை இன்னும் கடுமையாக்கியது. மிகப் பெரிய குற்றங்களுக்கு 10 லட்சம் வெள்ளி, 15 ஆண்டு சிறை வரை போகலாம். நம் ஆயுள் சம்பளம் அது!

மான் விஷயம் வேறு. ரூசா, கீஜாங் இரண்டுக்கும் வேட்டை லைசென்ஸ் கொடுப்பதை 2009-இல் நிறுத்தினார்கள். பிறகு அந்தத் தடையை நீட்டினார்கள். ஆகவே காட்டு மான் இறைச்சி மலிவாகக் கிடைக்கிறது என்று யாராவது பையோடு வந்தால் வாங்காதீர்கள். சுட்டவன் போய்விடுவான், இறைச்சி நம் வீட்டு அடுப்பில் இருக்கும்.

துப்பாக்கிதான் எல்லாவற்றையும்விட ஆபத்து. அதற்குப் போலீஸ் லைசென்ஸ் தனியாக வேண்டும். லைசென்ஸ் இல்லாத துப்பாக்கி, வீட்டில் செய்ததாக இருந்தாலும், 1971-ஆம் ஆண்டின் துப்பாக்கித் தண்டனைச் சட்டத்தில் 14 ஆண்டு வரை சிறையும் ஆறு பிரம்படிக்குக் குறையாத தண்டனையும் வாங்கித் தரும். “நான் சும்மா கூடப் போனேன்” என்று சொல்லித் தப்ப முடியாது. கூட இருந்தவனையும் அந்தச் சட்டம் கேள்வி கேட்கும்.

நமக்குக் கவலை இங்கேதான். பட்டணத்திலிருந்து காரில் வருகிறவருக்கு வழி காட்ட நம் பையன், பன்றியைத் தூக்கிவர நம் பையன். கூலி இரண்டு கிலோ இறைச்சி. வழியில் மறித்தால் அவர் வக்கீலைக் கூப்பிடுவார். நம் பையன் யாரைக் கூப்பிடுவான்? வேலையும் போய், வேலையோடு வந்த வீடும் போனால் அம்மா அப்பா எங்கே போவார்கள்?

கண்ணி வைப்பதும் கூடாது. மின்சாரக் கம்பி இழுப்பதை நினைத்தும் பார்க்காதீர்கள். இருட்டில் பால் வெட்டப் போகிறவனுக்கும், விறகு பொறுக்கப் போகிற பிள்ளைக்கும் அந்தக் கம்பி கண்ணுக்குத் தெரியாது. பன்றிக்கு வைத்த கம்பியில் மனிதர் செத்த சேதியை நாம் பத்திரிகையில் படித்துத்தானே இருக்கிறோம்?

“புலிக்குச் சட்டம், எங்களுக்கு ஒன்றுமில்லையா?” என்று சிலர் கோபப்படுகிறார்கள். நியாயமான கோபம்தான். ஆனால் ஒன்றை யோசியுங்கள். ரூசாவும் காட்டுப்பன்றியும் புலியின் சாப்பாடு. 2022-இல் வெளியிட்ட கணக்குப்படி தீபகற்பத்தில் 150 புலிகள்கூட இல்லை. காட்டில் இரை தீர்ந்தால் அந்தப் புலி நம் மாட்டுக் கொட்டகையைத் தேடி வரும். விடியற்காலையில் மரத்தடியில் நிற்பது துரை அல்ல, நாம்.

சட்டப்படி வேட்டைக்குப் போகிறவர்கள் இவற்றைச் செய்யுங்கள். முதலில் பெர்ஹிலித்தான் அலுவலகத்துக்குப் போய், எந்த விலங்கு, எந்த மாதம், எந்த இடம், எந்த நேரம், எந்த முறை என்று கேளுங்கள். லைசென்ஸ் உங்கள் பெயரில் இருக்கட்டும். தோட்ட நிலம் என்றால் நிர்வாகத்திடமும், நிரந்தர வனக்காப்பு என்றால் வன இலாகாவிடமும் அனுமதி வாங்குங்கள். தாமான் நெகாராவில் வேட்டை அறவே கிடையாது. பளிச்சென்ற நிறத்தில் சட்டை போடுங்கள். புதர் அசைந்தது என்று சுடாதீர்கள். அசைந்தது உங்கள் தம்பியாகவும் இருக்கலாம்.

நிர்வாகத்துக்கும் ஒரு வார்த்தை. பயிரைப் பன்றி அழித்தால் இலாகாவுக்குப் புகார் எழுத வேண்டியது நிர்வாகம். மண்டோர் வாய்மொழியாக “போய் விரட்டிட்டு வாப்பா” என்று தொழிலாளியை இருட்டில் அனுப்புவது சரியல்ல. அப்படிச் சொன்னால் எழுத்தில் கேளுங்கள். எழுதித் தர மறுத்தால் தோட்டக் கிளைத் தலைவரிடம் சொல்லுங்கள். இலாகாவும் ஆண்டுக்கு ஒருமுறை தோட்ட மண்டபத்துக்கு வந்து இந்த விதிகளைத் தமிழில் விளக்கினால் என்ன குறைந்துவிடும்? அலுவலகம் பட்டணத்தில் இருக்கிறது; போய்க் கேட்டு வர நமக்கு ஒருநாள் சம்பளம் போகிறது.

அடுத்த கிளைக் கூட்டத்தில் இந்தக் கோரிக்கையை வையுங்கள். அதுவரை, யார் கூப்பிட்டாலும் “லைசென்ஸைக் காட்டுங்க, அப்புறம் வர்றேன்” என்று சொல்லப் பழகுங்கள்.