கேட்டதற்கே பக்கம் திறப்பதா?

பெர்ல் என்ற கணினி மொழியில் ஒரு பழக்கம் இருக்கிறது. அதன் ரசிகர்கள் அதை வசதி என்கிறார்கள். முப்பது வருஷத்துக்கு மேல் பதிவேடு எழுதிய நான் அதை ஒழுங்கீனம் என்கிறேன். கணினியைத் தொடாத நண்பர்களும் தைரியமாகப் படிக்கலாம். விஷயம் பதிவேட்டைப் பற்றியதுதான்.

அந்த மொழியில் ஹாஷ் என்று ஒன்று உண்டு. பேரேடு மாதிரி. தலைப்பைச் சொன்னால் அதற்கு நேரே இருப்பதை எடுத்துக் கொடுக்கும். அந்த இடத்தில் இன்னொரு பேரேட்டையே வைக்கலாம்: கொம்யூனுக்குள் கிராமம், கிராமத்துக்குள் ஆள் பெயர். லாரி வால் 1987-இல் வெளியிட்ட பெர்லில், 1994-இல் வந்த ஐந்தாம் பதிப்பிலிருந்து இப்படி அடுக்கடுக்காக வைக்க முடிகிறது. முன்கூட்டிப் பக்கம் பிரிக்க வேண்டாம். "பாகூர், இன்ன கிராமம், இன்னார்" என்று ஒரே வரியில் எழுதச் சொன்னால் போதும். பாகூர் பக்கம் இல்லையென்றால் தானே திறந்து, அதற்குள் கிராமத்தையும் திறந்து, பெயரை எழுதிக்கொள்ளும். இதற்கு ஆட்டோவிவிஃபிகேஷன் என்று வாயில் நுழையாத பெயர். தானாக உயிர் பெறுதல் என்று பொருள்.

இதுவரை எனக்கு ஆட்சேபணை இல்லை. புது ஊரிலிருந்து முதல் மனு வந்தால் நாமும் புதுப் பக்கம் திறந்துதான் எழுதினோம். ஆனால் எழுதச் சொல்லாமல், "இன்னார் பெயர் இருக்கிறதா?" என்று விசாரித்தாலும் பெர்ல் அதையே செய்கிறது. கொம்யூன் பக்கத்தைத் திறக்கும், கிராமப் பக்கத்தைத் திறக்கும், கடைசிப் பெயரை மட்டும் எழுதாமல் விட்டு, "இல்லை" என்று பதில் சொல்லும். பதில் சரி. ஏடு கெட்டுவிட்டது.

பிரெஞ்சுக்காரர் காலத்து எத்தா சிவீல் ஏடுகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். பக்கத்துக்குப் பக்கம் எண் போட்டு, நீதிபதி சுருக்கொப்பம் வைத்த பிறகுதான் முதல் வரி விழும். அதற்கு 'கொத்தே எ பராஃபே' என்று பெயர். வருஷக் கடைசியில் முடித்துக் கையெழுத்து. எல்லாம் இரண்டு பிரதி. ஒருவர் வந்து பாட்டனார் பிறப்பைத் தேடச் சொன்னால் தேடுவோம். இல்லையென்றால் இல்லை என்போம். தேடச் சொன்னாரே என்பதற்காக அந்தப் பெயரில் ஒரு வெற்றுப் பக்கம் திறந்து வைத்த குமாஸ்தா எந்த ஆபீசிலாவது பிழைத்திருப்பானா?

"வெற்றுப் பக்கம்தானே மாமா, என்ன நஷ்டம்?" என்று என் தங்கை மகன் கேட்டான். நஷ்டத்தைச் சொல்கிறேன். எங்கள் ஓய்வூதியர் சங்கத்துக்கு அவன்தான் நிரல் எழுதிக் கொடுத்தான். நடமாட முடியாத உறுப்பினர்களின் வீட்டுக்கே ஆள் அனுப்பி, ஆயுள் சான்றுக்கு உதவுவதாகத் திட்டம். உதவி கேட்டு வந்த கடிதங்களை ஒருவர் தட்டச்சு செய்தார். வில்லியனூர் என்பதை நாலு இடத்தில் பழைய வழக்கப்படி வில்லியநல்லூர் என்று அடித்துவிட்டார். நிரல் உறுப்பினர் ஏட்டில் அந்தப் பெயரில் விசாரித்தது. அந்த நாலு பேரும் உறுப்பினர் இல்லை என்று பட்டியலிலிருந்து விழுந்தார்கள். அறிக்கையிலோ "வில்லியநல்லூர் – 0" என்று புதிதாக ஒரு கொம்யூன். செயலாளர் அதைப் பார்த்து, அந்தப் பக்கத்திலிருந்து யாரும் சேரவில்லை போலும் என்று கோப்பில் வைத்துவிட்டார். நமக்கு இருப்பவை ஐந்து கொம்யூன் பஞ்சாயத்துகள். ஆறு எப்படி வந்தது என்று நான் கேட்டதால்தான் விஷயம் வெளியே வந்தது. நாலு பேரில் ஒரு அம்மாள் படுத்த படுக்கை. குடும்ப ஓய்வூதியம் நின்றுபோனால் மருந்துக்கே வழியில்லை.

"அங்கே யாரும் இல்லை" என்பதும், "அப்படி ஒரு ஊர் என் ஏட்டிலேயே இல்லை" என்பதும் ஒன்றா? இரண்டாவது பதில் வந்திருந்தால் தட்டச்சுப் பிழை முதல் நாளே பிடிபட்டிருக்கும். பைத்தான் மொழியின் சாதாரண ஏட்டில் இல்லாத தலைப்பைக் கேட்டால் அது பிழை சொல்லி நின்றுவிடும். எரிச்சலாக இருக்கும், ஆனால் யோக்கியமான எரிச்சல்.

பெர்லில் 'ஸ்ட்ரிக்ட்' என்று ஒரு கண்டிப்பு முறை உண்டு. அதைப் போட்டாலும் இந்தப் பழக்கம் நிற்காது. கண்டிப்பு என்ற பெயர் எதற்கோ! இதைத் தடுக்கத் தனியாக ஒரு துணை நிரல் கிடைக்கிறது, ஆனால் அதை நாமே தேடிச் சேர்க்க வேண்டும். பெர்லின் கையேட்டிலேயே, இது எதிர்பாராத நடத்தைதான், வருங்காலப் பதிப்பில் திருத்தப்படலாம் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். தெரிந்தே விட்டுவைத்ததை வசதி என்று சொல்லிக்கொடுப்பவர்களைத்தான் நான் ஒப்புக்கொள்வதில்லை.

எழுதும்போது திறக்கவும், கேட்கும்போது சும்மா இருக்கவும் ஒரு மொழியால் முடியாது என்பார்கள். இளைஞர்கள் கேலி செய்யும் பி.எச்.பி. அதைச் செய்கிறது. எழுதினால் அடுக்கு அடுக்காகத் திறக்கும். வெறுமனே படித்தால் அப்படித் தலைப்பு இல்லை என்று எச்சரிக்கும், ஏட்டைத் தொடாது.

தங்கை மகன் இப்போது கொம்யூன் இருக்கிறதா, கிராமம் இருக்கிறதா என்று படிப்படியாகக் கேட்டு, எந்தப் படியில் இல்லையோ அங்கேயே நிறுத்தி, ஊர்ப் பெயரைத் தனித் தாளில் அச்சடிக்கிறான். கூடுதலாக ஐந்தாறு வரிகள். முதல் முறை ஓட்டியபோதே அந்தத் தாளில் வில்லியநல்லூர் தவிர இன்னும் மூன்று ஊர்ப் பெயர்கள் வந்தன. ஒவ்வொன்றையும் கடிதத்தோடு ஒப்பிட்டுக்கொண்டிருக்கிறோம்.