ஆட்டத்தில் இரு கட்சி. வேலைக்காட்டில் ஒரே கட்சி

லீக் ஆட்டத்தில் ஒரு வசதி உண்டு. இரு அணிகளும் சமமாக முடித்து ஆளுக்கொரு புள்ளி எடுத்துக்கொள்ளலாம்; இரு தரப்பு ரசிகர்களும் முகம் கோணாமல் வீடு திரும்பலாம். தோற்றவன் வெளியேறும் சுற்றில் அந்த வசதி கிடையாது. 90 நிமிடத்தில் முடிவு தெரியாவிட்டால் பெனால்டி உதைத்தாவது தீர்த்தாக வேண்டும். ஒருவன் நிற்க வேண்டும். ஒருவன் மூட்டை கட்ட வேண்டும். அந்த நாள் நெருங்க நெருங்க, லயத்திலும் காப்பிக் கடையிலும் ஒரு கேள்வி கிளம்பிவிடுகிறது: “நீ எந்தக் கட்சி?”

இரண்டு நாடுகளில் ஒன்றோடு மட்டும் உறவுள்ளவனுக்கு இது கேள்வியே அல்ல. இரண்டோடும் உறவுள்ளவனுக்கு இது நெஞ்சில் முள். அப்படிப்பட்டவர்கள் தோட்டங்களில் அதிகம் என்பதால்தான், ஒரு பந்தாட்டத்தைப் பற்றித் தொழிற்சங்கப் பத்திரிகை தலையங்கம் எழுத நேர்கிறது.

முதலில் நம்மவர் கதையைப் பார்ப்போம். 2023 அக்டோபர் 13ஆம் நாள், மெர்டேக்கா கிண்ண அரையிறுதியில் மலேசியாவும் இந்தியாவும் புக்கிட் ஜாலில் அரங்கத்தில் மோதின. சுதந்திரம் பெற்ற 1957ஆம் ஆண்டில் துங்கு அப்துல் ரஹ்மான் காலத்தில் தொடங்கிய போட்டி அது. 1959இலும் 1964இலும் இந்தியா அதில் இரண்டாம் இடம் பெற்றது. 2001க்குப் பிறகு இந்தியா அதில் ஆட வந்தது அப்போதுதான். மலேசியா 4–2 என்று வென்றது. மலேசியா ஒரு கோல் முன்னணியில் இருந்தபோது இந்தியர் அடித்த பந்து கோல் கோட்டைத் தாண்டியதா இல்லையா என்ற வழக்கு ஆட்டம் முடிந்த பிறகும் ஓயவில்லை. அந்த வழக்கு இருக்கட்டும். நமக்கு வேண்டியது நம்மவர் வீடுகளில் எழுந்த வழக்கு.

“என் தாத்தா ஊர் இந்தியாவில்; இந்தியா கோல் போட்டால் என் கை தானாகத் தட்டுகிறது” என்பவர் ஒருவர். “நான் பிறந்தது இங்கே, என் பிள்ளை படிப்பது இங்கே, என் நீல அடையாளக் கார்டு இங்கே, எனக்கு இந்தியா வேற்று அணி” என்பவர் மற்றொருவர். இந்த இரண்டாமவர் முதலாமவரைப் பார்த்துக் கோபப்படுவதும் உண்டு. அந்தக் கோபத்தை அலட்சியம் செய்துவிடலாகாது. இந்த நாட்டுக் குடிமகன் என்று ஏற்கப்படுவதற்கு நம் முன்னோர் பட்ட பாடு அவர் மனதில் இருக்கிறது. ஒருவன் கை தட்டியதைக் காட்டி, “பார், இவர்கள் இன்னும் இந்த நாட்டோடு ஒட்டவில்லை” என்று சொல்வார்களோ என்ற அச்சம் அவருடையது. அந்த அச்சம் வெறும் கற்பனையல்ல.

1957இல் குடியுரிமைக்கு வழி திறந்தபோது, தோட்டத்தில் வேலை செய்த பலர் அதன் அவசியம் அறியாமலும், எழுதிக் கொடுக்க ஆளில்லாமலும், விண்ணப்பம் போடாமலே இருந்துவிட்டார்கள். அதன் விலை பின்னால் தெரிந்தது. 1968இல் வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. குடியுரிமை இல்லாதவன் பெர்மிட் இல்லாமல் வேலை செய்யக் கூடாது என்றாயிற்று. வயதெல்லாம் இந்த மண்ணில் கித்தா மரம் வெட்டியவர்கள் ஆயிரக்கணக்கில் கப்பலேறினார்கள். சிலர் கண்ணால் கண்டறியாத ஊருக்கே திரும்பினார்கள். அவர்களை யாரும் ‘நீ எந்த அணிக்குக் கை தட்டினாய்’ என்று கேட்கவில்லை. கேட்டதெல்லாம் காகிதம்.

இந்தக் கைதட்டல் பரீட்சை நம் நாட்டில் பிறந்ததும் அல்ல. 1990இல் இங்கிலாந்து அரசியல்வாதி நார்மன் டெபிட், ஆசியாவிலிருந்து குடியேறியவர்கள் கிரிக்கெட்டில் எந்த அணியை ஆதரிக்கிறார்கள் என்பதே அவர்கள் விசுவாசத்துக்கு உரைகல் என்று பேசினார். உழைப்பு, வரி, சட்டத்துக்கு அடங்கி நடத்தல், அண்டை வீட்டான் துன்பத்தில் உதவல் ஆகிய எதுவும் அந்த உரைகல்லில் உரைக்கப்படுவதில்லை. கை தட்டும் ஓசை ஒன்றுதான் கணக்கு. இப்படி மலிவான பரீட்சை வைப்பவனுக்கு மலிவான விடைதான் கிடைக்கும். மனதில் ஒன்றை வைத்துக்கொண்டு வேறொன்றுக்குக் கை தட்டுவது எவருக்கும் எளிது.

ஆகவே நாம் சொல்வது இதுதான். தாய்வழி ஊருக்கு ஒரு பாசமும், வாழும் நாட்டுக்கு ஒரு கடமையும் ஒரே நெஞ்சில் இருக்க முடியும். பிறந்த வீட்டை நினைத்து அழுகிற பெண்ணைப் புகுந்த வீட்டுக்குத் துரோகி என்று நம்மில் யாரும் சொல்வதில்லை. இந்த நியாயத்தை நமக்காகக் கேட்கிறோம். கேட்க நமக்கு உரிமையும் உண்டு.

நமக்குக் கேட்ட நியாயத்தைப் பக்கத்து வரிசையில் நிற்பவனுக்கும் கொடுக்கிறோமா? இந்தத் தலையங்கத்தின் கேள்வி இதுவே.

இன்று தோட்டங்களில் ரப்பர் குறைந்து செம்பனை பெருகிவிட்டது. காலைப் பெரட்டில் நிற்பவர்களில் நம்மவர் குறைந்து, வெளிநாட்டிலிருந்து பெர்மிட்டில் வந்தவர்கள் பெருகிவிட்டார்கள். அவர்களில் ஜாவாவிலிருந்தும் லொம்போக்கிலிருந்தும் வந்த இந்தோனேசியர் மிகப் பலர். மலேசியாவும் இந்தோனேசியாவும் கால்பந்தில் மோதும் நாள் வந்தால், முன்னே நம் நெஞ்சில் தைத்த அதே முள் அவன் நெஞ்சில் தைக்கிறது. அவன் நெஞ்சு தன் ஊருக்காக அடித்துக்கொள்ளும். அவன் தங்கியிருக்கும் கொங்சியோ இந்த நாட்டில் இருக்கிறது. “நீ எந்தக் கட்சி?” என்று அவனைக் கேட்பவர்களில் நாமும் ஒருவராகிவிட்டோம்.

2010ஆம் ஆண்டு தென்கிழக்காசியக் கிண்ணத்தை நினைவுபடுத்திக்கொள்வோம். டிசம்பர் 1ஆம் நாள் ஜகார்த்தாவில் இந்தோனேசியா நம் அணியை 5–1 என்று வாரி அடித்தது. அதே மாதம் 26ஆம் நாள் இறுதியாட்டத்தின் முதல் பகுதி புக்கிட் ஜாலிலில் நடந்தது. சாஃபி சாலி இரண்டு கோலும், அஷாரி சம்சுதீன் ஒரு கோலும் போட, மலேசியா 3–0 என்று வென்றது. 29ஆம் நாள் ஜகார்த்தாவில் 2–1 என்று தோற்றும், மொத்தத்தில் 4–2 என்று முதன்முறையாக அக்கிண்ணத்தைக் கைப்பற்றியது. அணியின் பயிற்சியாளர் கே. ராஜகோபால். குருசாமியும் குணாலனும் அணியில் இருந்தார்கள். நம் வீட்டுப் பெயர்கள் தேசத்தின் பெயர்களாக முழங்கிய நாள் அது. டிசம்பர் 31 விடுமுறை என்று பிரதமர் அறிவித்தார். நாட்கூலிக்காரன் “சம்பளத்தோடா?” என்று கேட்டிருந்தால் அதில் தப்பில்லை, வெற்றியின் மகிழ்ச்சியிலும் அடுப்பு எரிய வேண்டுமே.

ஆனால் அந்த வெற்றியில் ஒரு கறையும் ஒட்டிக்கொண்டது. புக்கிட் ஜாலில் ஆட்டத்தில் இந்தோனேசிய வீரர்கள் கண்ணில் நம் பக்கத்து ரசிகர் சிலர் லேசர் ஒளியைப் பாய்ச்சினார்கள். அவர்கள் திடலை விட்டு விலக, ஆட்டம் சில நிமிடம் நின்றுபோயிற்று. எல்லை மீறுவது ஒரு தரப்புக்கு மட்டும் உரிய நோயும் அல்ல. 2019 செப்டம்பரில் ஜகார்த்தாவில் நடந்த உலகக் கிண்ணத் தகுதியாட்டத்தில் மலேசிய ரசிகர்கள் தாக்கப்பட்டார்கள். 1963 முதல் 1966 வரை நீடித்த ‘கொன்ஃபிரொந்தாசி’ காலத்துச் சுலோகங்களை, அந்தப் பகைக்குப் பின்னால் பிறந்த பிள்ளைகள் அரங்கத்தில் முழங்குவதும் உண்டு. 2011 நவம்பரில் சீ விளையாட்டு இறுதியாட்டத்தில் இதே இரு நாடுகள் ஜகார்த்தாவில் மோதியபோது, நெரிசலில் சிக்கி ரசிகர் இருவர் மாண்டார்கள். மலேசியா பெனால்டியில் வென்றது. அந்த இருவர் குடும்பத்துக்கு எந்த அணி வென்றால் என்ன?

யாருடைய திடலில் நின்று நாம் இப்படி முழங்குகிறோம் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். புக்கிட் ஜாலில் ஒரு காலத்தில் ரப்பர் தோட்டம். 1998 காமன்வெல்த் போட்டிக்காக அங்கே பேரரங்கம் எழும்பியது. மரம் வெட்டியவர்கள் லயத்தில் எஞ்சியிருந்தார்கள். அரங்கம் கட்டிப் பத்தாண்டு கடந்த பின்னும், அந்தத் தோட்டத்துக் குடும்பங்கள் குடியிருக்க நிலம் கேட்டுப் போராடிக்கொண்டிருந்தன. ஒரு பக்கம் தேசத்தின் பெயரால் ஆரவாரம். அதே மண்ணில் வீடில்லாத தொழிலாளி. அங்கே ஜாவாக்காரன் மீது சீறுவதால் ஒரு சாண் நிலமாவது நம்மவருக்குக் கிடைத்ததுண்டா?

அண்மைக் காலத்தில் இன்னொரு வேடிக்கையும் கண்டோம். தாத்தா, பாட்டி பிறந்த ஊரைக் காட்டி மலேசிய அணியில் சேர்க்கப்பட்ட வெளிநாட்டு ஆட்டக்காரர் ஏழு பேரின் பத்திரங்கள் பொய்யானவை என்று 2025 செப்டம்பரில் ஃபிஃபா ஒழுங்குக் குழு தண்டனை விதித்தது. கோல் போடுபவனுக்காகத் தாத்தாவின் ஊரைத் தேடிச் செல்லும் அதே நாட்டில், தோட்டத்தில் பிறந்து பிறப்புப் பத்திரம் இல்லாததால் சிவப்பு அடையாளக் கார்டோடு காலம் தள்ளியவர்களை நாம் அறிவோம். காகிதம் வேறு, மனம் வேறு, உழைப்பு வேறு. மூன்றையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறவர்களிடம் நாம் எச்சரிக்கையாக இருக்க வேண்டும்.

தோட்டத்தில் இந்தக் குழப்பத்தால் இலாபம் அடைபவர் யார்? பெரட்டில் இரு வரிசையும் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு நின்றால், முதலாளிக்கு அதைவிட வசதி வேறில்லை. “நீங்கள் கூலி அதிகம் கேட்டால் அவர்களை வைத்து வேலை வாங்குவேன்” என்று நம்மிடம் சொல்லலாம். “நீங்கள் வாய் திறந்தால் பெர்மிட் போய்விடும்” என்று அவர்களிடம் சொல்லலாம். வெள்ளைக்காரத் துரை காலத்திலும் தமிழனும் ஜாவாக்காரனும் இதே தோட்டங்களுக்குக் கொண்டுவரப்பட்டவர்கள்தாம். ஒருவன் கூலியைக் காட்டி இன்னொருவன் கூலியை அமுக்கும் தந்திரத்துக்கு வயது அதிகம்.

சட்டம் இவ்விஷயத்தில் நமக்கு ஒரு பாடம் சொல்கிறது. 2025 பிப்ரவரி 1 முதல் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 ரிங்கிட் என்றானபோது, தோட்டத் தொழிலாளரில் குடிமகனுக்கு ஒரு கணக்கு, வெளிநாட்டானுக்கு ஒரு கணக்கு என்று அதில் வைக்கவில்லை. வெளிநாட்டுத் தொழிலாளி தொழிற்சங்கத்தில் உறுப்பினராகச் சேர்வதையும் சட்டம் தடுக்கவில்லை. கிராணி மேசையில் இருக்கும் செக்ரோலைத் திறந்து பார்த்தால் பெயர், நம்பர், வேலை செய்த நாள், எடுத்த பாலின் நிறை, வெட்டிய குலையின் எண்ணிக்கை எல்லாம் இருக்கும். எந்த அணிக்குக் கை தட்டினான் என்று எழுத அதில் ஒரு கட்டமும் இல்லை. அவன் கூலியில் கை வைத்தால் நாளை நம் கூலியும் குறையும் என்பதை அந்தப் புத்தகத்தைப் புரட்டிய எவரும் அறிவர்.

எனவே அடுத்த முறை இரு நாடுகளும் மோதும் நாளுக்கு முன்பே, கிளைத் தலைவர்கள் செய்ய வேண்டிய காரியங்கள் சில உண்டு. இரு தரப்பாரும் ஒரே இடத்தில் அமர்ந்து ஆட்டம் பார்க்க ஏற்பாடு செய்யுங்கள். இரண்டு கொடிக்கும் இடம் கொடுங்கள். பந்தயப் பணம் கட்டுவதை ஒழியுங்கள். சண்டை பெரும்பாலும் அணியால் வருவதில்லை, பணத்தால் வருகிறது. அன்று சாராயம் வேண்டாம். தோற்ற கட்சிக்காரனை அவன் நாட்டின் பெயரைச் சொல்லியோ ‘இந்தோன்’ என்று இழித்தோ பேசாதீர்கள். நம்மைக் ‘கெலிங்’ என்று பேசியபோது நமக்கு எப்படி இருந்தது என்பதை மறக்க வேண்டாம். மறுநாள் பெரட்டுக்கு இரு கட்சியும் நேரத்தோடு வரட்டும். ஆட்டத்தைச் சாக்கிட்டு ஒருவர் பெயரும் வெட்டுப்படக் கூடாது.

ஆட்டத்தின்போது கத்துங்கள், வேண்டாம் என்று யார் சொன்னார்கள்? நமது அணி கோல் போட்டால் லயத்துக் கூரை அதிரக் கத்துங்கள். அவன் அணி கோல் போட்டால் அவனும் கத்தட்டும். கேலி பேசலாம், பதில் கேலி வாங்கலாம். விளையாட்டு என்பது அதற்குத்தான் இருக்கிறது. நடுவர் கடைசி விசில் ஊதியதும் இரு அணி ஆட்டக்காரர்களும் கை குலுக்கிச் சட்டை மாற்றிக்கொள்கிறார்கள். ஓடி ஆடி உதை வாங்கியவர்களுக்கே பகை இல்லாதபோது, பார்த்துக்கொண்டிருந்த நமக்கு என்ன பகை?

தோழர்களே! தோற்ற அணி மூட்டை கட்டிக்கொண்டு போய்விடும். வென்ற அணியும் தன் வழியே போய்விடும். மறுநாள் விடியற்காலையில், இருட்டில், தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு அதே நிரையில் இறங்குகிறவர்கள் நாமும் அவனும்தான். பாம்பு கடித்தால் தூக்கிக்கொண்டு ஓடுகிறவன் பக்கத்து நிரைக்காரன். அவன் எந்த அணிக்குக் கை தட்டினான் என்று அந்த நேரத்தில் யாரும் கேட்கப் போவதில்லை. மற்ற நேரத்திலும் கேட்க வேண்டாம். சங்க உறுப்பினர் அட்டை அவனிடம் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லாவிட்டால் ஒரு பாரத்தை எடுத்துக்கொண்டு இன்று மாலையே கொங்சிக்குப் போங்கள்.