‘தேறாதவன்’ என்றொரு பட்டம்

இடைநிலைப்பள்ளியைப் பாதியில் விட்டு விலகும் மாணவனுக்கு நம் சமுதாயம் வழங்கும் பட்டம் ‘தேறாதவன்’ என்பதாகும். அப்பட்டத்தை முதலில் சூட்டுவோர் பெற்றோர் அல்லர். பெரும்பாலும் ஆசிரியர்களாகிய நாமே. தேர்வுத்தாளில் தேறாத கை, உளி பிடிக்கத் தேறுமா, இரும்பைப் பற்றவைக்கத் தேறுமா என்று நாம் என்றேனும் சோதித்ததுண்டா?

தெலுக் இந்தான் வட்டாரத்தை எண்ணிப் பாருங்கள். ஒரு காலத்தில் பள்ளியை விட்ட பிள்ளைக்குத் தோட்டம் இருந்தது. பால்வெட்டோ களைவெட்டோ, லயத்து வீட்டோடு ஒரு வேலை கிடைத்தது. ரப்பர் மரங்கள் சாய்ந்த இடங்களில் செம்பனை எழுந்தது. செம்பனைக்கு ஆள் குறைவாகவே வேண்டும். அந்த வேலைக்கும் பின்னர் வெளிநாட்டுத் தொழிலாளர் வந்தனர். பள்ளியும் தோட்டமும் கைவிட்ட இளைஞன் எங்கே செல்வான்?

இவ்வினாவிற்குச் செயலால் விடை தந்தோர் கத்தோலிக்கத் துறவியரான கபிரியேல் சபைச் சகோதரர்கள். 1959ஆம் ஆண்டில் அவர்கள் சிலாங்கூரில் தொடங்கிய மான்ட்போர்ட் சிறுவர் நகரம், இன்றைய ஷா ஆலமில், வறிய இளையோர்க்கு இனமும் சமயமும் பாராது உறைவிடமும் தொழிற்பயிற்சியும் அளித்து வருகின்றது. இது தமிழர் அறியாத வழியும் அன்று. தமிழகத்தின் நாசரேத்தில், பெரும்பஞ்சம் அனாதைகளை விட்டுச்சென்ற வேளையில், 1878ஆம் ஆண்டிலேயே மர்காஷிஸ் ஐயர் ஒரு தொழிற்பள்ளியை நிறுவினார். பாட்டன் காலத்துப் பாடத்தைப் பேரன்மார் நாம் இன்னும் படித்தபாடில்லை.

“இது மதமாற்ற வலையன்றோ?” என்பார் சிலர். வலையென்று அஞ்சுவோர் மாற்றாக ஒரு தோணியேனும் கட்டினரா? கோபுரத்திற்கும் தேருக்கும் ஊர்தோறும் பொருள் திரட்டுகின்றோம், அது வேண்டியதே. அத்திருப்பணிக் கணக்கில் பத்தில் ஒரு பங்கைப் பட்டறைக்கு ஒதுக்கிய கோயில்கள் எத்தனை? நம் இலக்கிய மன்றங்களும் இதற்கு விலக்கல்ல. பேச்சுப் போட்டியில் வென்றவனுக்குக் கிண்ணம் உண்டு; பழுதான இயந்திரத்தைப் பேச வைப்பவனுக்கு நம் மேடையில் நாற்காலி இல்லை.

“கைத்தொழில் பயின்றவன் கடைநிலையிலேயே நிற்பான்” என்பது மற்றொரு தடை. நாட்டின் திறன் மேம்பாட்டுச் சட்டம் 2006இல் நிறைவேறியது. திறன் சான்றிதழ் முறையில் ஐந்து படிகள் உள்ளன. எழுதப் படிக்கவும் கணக்கிடவும் அறிந்தவன் முதற்படியில் கால் வைக்கலாம். நான்காம் படி டிப்ளோமா, ஐந்தாம் படி உயர்நிலை டிப்ளோமா. ஏணி இருக்கின்றது, அதை மாணவனுக்குக் காட்டத்தான் ஆளில்லை.

தமிழ்ப்பிள்ளை என்றாலே பட்டறைக்கு அனுப்புக என்பது என் வாதமன்று. மருத்துவனாக வல்லவன் மருத்துவனாகுக. ஆனால் தொழிற்கல்வியைத் தண்டனையாகக் கருதும் மனப்போக்கு ஒழிதல் வேண்டும்.

தெலுக் இந்தானிலிருந்து ஷா ஆலம் நூறு கிலோமீட்டருக்கும் அப்பாலுள்ளது. தோட்டத்துப் பிள்ளை தனியே அவ்வழி காணமாட்டான். அவனுக்கு விண்ணப்பம் எழுதிக்கொடுப்பது ஆசிரியர் கடன். பயணச் செலவைத் தருவது கோயிற் குழுவின் கடன். இவ்வட்டாரத்திலேயே ஒரு பயிற்சி நிலையம் எழச் செய்வது சங்கங்களின் கடன்.

விலகிய மாணவனின் பெயரை வருகைப் பதிவேட்டில் கோடிட்டு நீக்குகின்றோம். அதன்பின் அவன் எங்கே சென்றான் என்று தேடியறியும் பொறுப்பு, அக்கோட்டை இட்ட கைக்கே உரியது.