வாளிக்கு வந்த உடம்பு

“கார்ட்டூன்ல போயி என்னத்த அரசியல் தேடுறீங்க?” என்று கேட்கிறார்கள் நம்ம இலக்கியத் தோழர்கள். புராணத்தில் தேடலாம், சினிமாவில் தேடலாம், சிரிப்புப் படத்தில் மட்டும் கூடாதாம். சிரிப்பு இருக்கிற இடத்தில் அதிகாரம் இருக்காது என்று யார் சொன்னது? ஊர்த்தெரு யாரைப் பார்த்துச் சிரிச்சுது என்பது சேரிக்காரனுக்குத் தெரியும்.

1999இல் மேட் கிரேனிங் தொடங்கிய ‘ஃப்யூச்சராமா’ அறிவியல் புனைவை வைத்துக் கேலி பண்ணும் அமெரிக்கக் கார்ட்டூன். அதில் 2010இல் வந்த ‘தி பிரிசனர் ஆஃப் பெண்டா’ என்ற பகுதியை ரசிகர்கள் தலையில் வைத்துக் கொண்டாடுகிறார்கள். மனசை உடம்பு விட்டு உடம்பு மாற்றும் ஒரு யந்திரம். ஒருமுறை தங்களுக்குள் மாறிக்கொண்ட இரண்டு உடம்புகள் மறுபடி நேரடியாக மாற முடியாது. ஒன்பது உடம்புகள் இப்படிச் சிக்கிக்கொள்கின்றன. எழுதிய கென் கீலர் கணிதத்தில் முனைவர். எத்தனை பேர் கலந்திருந்தாலும் வெளியிலிருந்து இரண்டு பேர் வந்தால் எல்லாரையும் மீட்டுவிடலாம் என்று இதற்காகவே ஒரு தேற்றத்தை நிறுவினார்.

கணக்குதான் சிறப்பு என்கிறார்கள். கணக்கு மட்டும் போதாது. அந்த நிபந்தனை சிரிப்புக்கு ஒரு விலை வைக்கிறது, அதுதான் சிறப்பு. மலைக்கு மேற்கே எங்க ஊர் அடி அண்ணாமலை. கிழக்கே பெரிய கோயில், அதில் கிளி கோபுரம். அருணகிரிநாதர் பாரிஜாதம் கொண்டுவரக் கிளி உடம்பில் புகுந்து போனார், திரும்பி வருவதற்குள் அவர் உடம்பை எரிச்சிட்டாங்க, கிளியாகவே நின்னுட்டார் என்பது கதை. திரும்ப முடியாததால்தான் அது கதை. திரும்பியிருந்தால் வெறும் வித்தை.

அடுத்த கேள்விதான் முக்கியம். யார் யார் உடம்புக்குள் போகிறார்கள்? செத்துக்கிடந்த இடையன் மூலன் உடம்பில் யோகி புகுந்தார், திருமூலர் ஆனார். புருஷன் வந்துட்டான் என்று ஓடிவந்த மூலன் பொண்டாட்டியின் கதி என்ன? அவர் ஒதுக்கிவிட்டுத் தவத்துக்குப் போய்விட்டார். மேலே இருப்பவன் கீழே இறங்கினால் அது அருள். கீழே இருப்பவன் மேலே போகணும்னா? நந்தனைக் கேளுங்கள். தில்லையில் தீயில் இறங்கித்தான் அவனுக்குப் பூணூல் போட்ட உடம்பு கிடைத்தது. பறையன் உடம்பு சாம்பலாகாமல் கோயில் கதவு திறக்கவில்லை.

இந்த இடத்தில்தான் அந்தக் கார்ட்டூன் நம்மைப் பிடித்துக்கொள்கிறது. அதில் தரை துடைக்கிற வாளி ஒன்று, ரோபோ. அதன் மனசு ஒரு இளம்பெண்ணின் உடம்புக்கு வருகிறது. வாய் கிடைத்ததும் அது பொன்னோ பதவியோ கேட்கவில்லை. தன்னோடு காலமெல்லாம் வேலை பார்த்த துப்புரவாளனிடம் காதலைச் சொல்கிறது. ஏழை வாழ்க்கைக்கு ஆசைப்பட்ட சக்கரவர்த்தி அதே வாளிக்குள் போகிறான். அவனுக்கு அது சுற்றுலா. வாளிக்கோ அது ஒன்றுதான் வாழ்க்கை.

சிக்கலைத் தீர்ப்பவர்கள் குளோப்டிராட்டர்ஸ் கூடைப்பந்துக் குழுவின் இரண்டு கறுப்பர்கள். பலகையில் நிரூபணத்தை எழுதுவதும் அவர்களே. கறுப்பு நிறத்தையே காமெடியாக்கிப் பிழைக்கிற நம்ம சினிமா இதைப் பார்த்து வெட்கப்படணும்.

ஆனாலும் எனக்குச் சண்டை உண்டு. கடைசியில் எல்லாரும் அவரவர் உடம்புக்கே திரும்புகிறார்கள். சக்கரவர்த்தி சக்கரவர்த்தி, வாளி வாளி. இதை ‘சுபம்’ என்கிறார்கள். யாருக்குச் சுபம்? கையால் மலம் அள்ளுவதைத் தடுக்க 1993இல் ஒரு சட்டம், 2013இல் இன்னொரு சட்டம். சாக்கடைக் குழியில் நம்ம ஜனம் செத்து மிதப்பது இன்னும் நின்றபாடில்லை. பழைய ஒழுங்கு திரும்புவதைச் சுபம் என்று சொல்லச் சாதி இந்துவால் முடியும், நம்மால் முடியாது.

அந்தப் பகுதி மற்றவற்றை விட உயர்ந்து நிற்பது வாளிக்கும் மனசுண்டு என்று சில நிமிஷமாவது காட்டியதால். அதை மறந்து கணக்கை மட்டும் புகழ்பவன் பாதிப் படம்தான் பார்த்திருக்கிறான். மீதிப் பாதியை நாம்தான் எழுதணும். அதில் வாளி திரும்பிப் போகாது. நந்தன் எரியவும் மாட்டான்.